போலீஸ் வண்டி நமக்குக் கிடைக்குமா? ஆக்குப்பறை வழியாக ஒரு விளக்கம்

நெல்லை வண்ணார்பேட்டை பைபாஸில் சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்ன ஒரு பொலேரோ பறந்தால், டீக்கடை பெஞ்சில் ஒருவராவது சொல்லிவிடுவார்: “அது போலீசுக்குன்னு கம்பெனியிலேயே தனியா செஞ்சு குடுக்குற வண்டி அண்ணாச்சி. இன்ஜினே வேற. நமக்கெல்லாம் தரமாட்டான்.” பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார்: “ஏன் தரமாட்டான்? பாளையங்கோட்டை கிரவுண்டுல ஏலம் போடுவான்லா, சல்லிசா அள்ளிட்டு வந்திரலாம்.”

இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் கற்பனையும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால், முதலில் போலீஸ் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கல்யாண வீட்டில், பந்திக்குச் சமைக்கிற ஆக்குப்பறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

வீட்டு அடுக்களையில் வைக்கும் சொதிக்கும், கல்யாணச் சமையல்காரரான தவசுப்பிள்ளை ஐந்நூறு பேருக்கு வைக்கும் சொதிக்கும் சேர்மானம் ஒன்றுதான். தேங்காய்ப்பால், சிறுபருப்பு, முருங்கைக்காய், இஞ்சிச்சாறு. ஆனால் வீட்டு கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஆக்குப்பறையில் வைத்தால் அது காலைப் பந்திக்குள் கையை விரித்துவிடும். ஏனென்றால் அங்கே தீ அணைவதே கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் மூட்டினால், மறுநாள் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்வரை எரிந்துகொண்டே இருக்கும். சமையல் ஒன்றே, உழைப்பு வேறு.

வண்டியும் அப்படித்தான். நம் வீட்டுக் கார் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி ஓடும். மிச்ச நேரம் வேப்பமர நிழலில் உறங்கும். ரோந்து வண்டிக்கு அந்த உறக்கம் கிடையாது. ஒரு டிரைவர் இறங்கினால் அடுத்தவர் ஏறுவார். ஆனித் தேரோட்டம் என்றால் ரத வீதி முனையில் நிற்க வேண்டும். ஆடி அமாவாசை என்றால் சொரிமுத்து அய்யனார் கோயில் காட்டுப்பாதையில் ஏற வேண்டும். நடு ராத்திரியில் நாங்குநேரி பக்கம் நான்கு வழிச்சாலையில் லாரி கவிழ்ந்தால், அங்கே போய் விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை நிற்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘நிற்க’. போலீஸ் வண்டி தறிகெட்டு ஓடித்தான் தேய்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது இன்ஜினை அணைக்காமல் நின்ற இடத்திலேயே தேய்கிறது. அமெரிக்காவில் போலீசுக்கு வண்டி செய்யும் ஃபோர்டு நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இன்ஜின் ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடினால், அது சுமார் 53 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். அப்படியானால் 1,000 மணி நேரம் நின்றபடி ஓடிய வண்டியில் 53,000 கிலோமீட்டர் தேய்மானம் ஏறியிருக்கும். மீட்டரில் அதில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏலத்துக்குப் போகும்போது இது வேண்டும்.

சரி, அப்படி அணையாத அடுப்புக்கு என்னென்ன தேவை?

முதலில் மின்சாரம். ஆக்குப்பறை மூலையில் தண்ணீர் நிரப்பிய டிரம் ஒன்று நிற்கும். ஒருவர் அரிசி களைவார், ஒருவர் காய் அலசுவார், ஒருவர் சாம்பாருக்கு மோந்து ஊற்றுவார். டிரம்முக்குள் மோட்டாரிலிருந்து ஓஸ் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். வண்டியில் அந்த டிரம்தான் பேட்டரி, அந்த மோட்டார்தான் ஆல்டர்னேட்டர். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் ‘டைனமோ’ என்றே சொல்வார்கள். இன்ஜின் சுற்றினால் டைனமோ சுற்றும், டைனமோ சுற்றினால் மின்சாரம் வரும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோவும் குறைவாகத்தான் தரும்.

இப்போது ரோந்து வண்டியின் தாகத்தைப் பாருங்கள். பழைய சுழல் விளக்கில் 55 வாட் பல்பு நான்கு இருந்தால் மொத்தம் 220 வாட். 12 வோல்ட்டில் வகுத்தால் ஏறக்குறைய 18 ஆம்பியர். இது மேலே சுழலும் விளக்குக்கு மட்டும். ஹெட்லைட் எரிந்தால் இன்னொரு பத்து. அதோடு சைரன், மைக், வயர்லெஸ் செட், ஏ.சி. காற்றாடி. இன்ஜினோ நின்ற இடத்தில் மெதுவாக முனகிக்கொண்டிருக்கிறது. ஓஸில் தண்ணீர் நூலாக விழ, டிரம்மைச் சுற்றிப் பத்துப் பேர் செம்போடு நிற்கிறார்கள். டிரம் காலியாகாமல் என்ன செய்யும்? அதனால்தான் வெளிநாட்டில் போலீசுக்கென்று செய்யும் கார்களில் பெரிய ஆல்டர்னேட்டர் வைக்கிறார்கள். மெதுவாகச் சுற்றும்போதும் நிறையத் தரும்படி அமைப்பார்கள். எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது. அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் சிறு பங்குதான்.

அடுத்தது சூடு. ஓடுகிற வண்டிக்கு எதிர்காற்றே விசிறி. நிற்கிற வண்டிக்கு அந்தக் காற்று இல்லை. ஆக்குப்பறையை வீட்டுக்குள் வைக்காமல் கொல்லையில் கொட்டகை போட்டு, நாலு பக்கமும் திறந்து விடுவது எதற்கு? அனல் போக. அதேபோல போலீஸ் ரகக் காரில் ரேடியேட்டர் பெரிதாக இருக்கும், காற்றாடி வலுவாக இருக்கும். இன்ஜின் ஆயிலுக்கும் கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் தனித்தனிக் குளிர்விப்பான்கூட உண்டு. பாளையங்கோட்டை மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு அடிப்பாகம். அண்டாவை மூன்று செங்கல்லில் வைக்க முடியாது. அதற்குக் கோட்டை அடுப்பு வெட்ட வேண்டும் அல்லது இரும்பு முக்காலி வேண்டும். ரோந்து வண்டியில் ஐந்தாறு ஆட்கள், கம்பு, கேடயம், ஹெல்மெட், தடுப்புப் பலகை என்று சுமை எப்போதும் ஏறியிருக்கும். ஆகவே போலீஸ் ரகத்தில் ஸ்பிரிங் கெட்டி, ஷாக் அப்சார்பர் கெட்டி, சக்கரம் அலாய் இல்லாமல் இரும்பு. பிரேக்கும் இதோடு சேர்ந்தது. பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றுகிற கருவி. மெல்லிய தகரச் சட்டி சட்டென்று சூடேறிக் கருகும், கனத்த இரும்புத் தோசைக்கல் எத்தனை தோசை வார்த்தாலும் நிதானமாகத் தாங்கும். கனத்த டிஸ்க், சூட்டுக்கு மங்காத பேட் என்று போலீஸ் ரகத்தில் போடுவது இதற்காகத்தான்.

இந்த எல்லாவற்றையும் ஆலையிலேயே பொருத்தி, ‘போலீஸ் ரகம்’ என்று பெயர் வைத்து விற்கும் வழக்கம் அமெரிக்காவில் நன்றாக வேரூன்றியது. அதில் புகழ்பெற்றது ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். 4.6 லிட்டர் வி8 இன்ஜின், தடித்த ஸ்பிரிங், ஆயில் கூலர். ஹாலிவுட் படத்தில் நியூயார்க் போலீஸ் கார் என்று கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011 செப்டம்பரில் கடைசி வண்டி வெளிவந்தது. புதிதாக இருந்தபோது தனியார் யாரும் போய் அதைக் கேட்க முடியவில்லை, காவல் அமைப்புகளுக்குத்தான் தந்தார்கள். ஆனால் போலீஸ் ஓட்டிக் கழித்த பிறகு யார் வேண்டுமானாலும் ஏலத்தில் எடுக்கலாம். அப்படி எடுத்து டாக்ஸியாக ஓட்டியவர்கள் ஏராளம். செவர்லே கேப்ரிஸ் இன்னும் வேடிக்கை. ஆஸ்திரேலியாவில் செய்து, கப்பலேற்றி, 2011 முதல் 2017 வரை அமெரிக்காவில் போலீசுக்கு மட்டும் விற்ற கார் அது.

இனி நம் ஊர்ப் பொலேரோவுக்கு வருவோம்.

மேலே சொன்ன பெரிய ஆல்டர்னேட்டர், தனி ரேடியேட்டர், கனத்த டிஸ்க் எல்லாம் அதில் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் எங்கேயும் இல்லை. டெண்டர் வழியாகவோ, மத்திய அரசின் ‘ஜெம்’ கொள்முதல் தளம் வழியாகவோ அரசு வாங்கும் பொலேரோ, ஷோரூமில் நீங்கள் முன்பணம் கட்டினால் வருகிற அதே பொலேரோதான். இன்ஜின் அதே, கியர்பாக்ஸ் அதே, பின்னால் அதே பட்டை ஸ்பிரிங். 2000-ஆம் ஆண்டில் வந்த இந்த வண்டி போலீசுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான். தனியாக எதையும் மாற்றாமலே அது ஆக்குப்பறைப் பாத்திரம். ஏணிச் சட்டம் போன்ற சேஸ், அதன் மேல் உடல். முக்குக்கு முக்கு ஸ்பேர் கிடைக்கும். விக்கிரமசிங்கபுரத்தில் பழுதானால் விக்கிரமசிங்கபுரத்திலேயே சரி பார்க்கலாம். மாஞ்சோலை எஸ்டேட் பாதையில் ஏறி இறங்குகிற வண்டியில் வேறு என்ன வேண்டும்? நகரங்களில் ஓடிய ஹூண்டாய் ஆக்சென்ட், டொயோட்டா இன்னோவா ரோந்து வண்டிகளும் இப்படித்தான், நம் பக்கத்து வீட்டு ஆக்சென்டும் இன்னோவாவும்தான்.

ஆகவே “போலீஸ் ரக வண்டியைத் தனியார் புதிதாக வாங்கலாமா?” என்ற கேள்விக்கு இந்தியாவில் பதில் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். வாங்கலாம். வாங்கியும் இருக்கிறோம். தெரியாமலே.

உண்மையிலேயே ஆலையில் தனியாகச் செய்து, நமக்குத் தராத வண்டிகளும் இந்தியாவில் உண்டு. ஆனால் அவற்றுக்குப் போலீஸ் பக்கத்தைவிட ராணுவப் பக்கம்தான் பார்க்க வேண்டும். டாடா சஃபாரி ஸ்டோர்மை மாற்றி ‘ஜி.எஸ். 800’ என்று 2017-இல் 3,192 வண்டிகளுக்கு ராணுவத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். அது எந்த ஷோரூமுக்கும் வரவில்லை. போலீஸிலும் கண்ணீர்ப்புகை வீசும் வஜ்ரா, தண்ணீர் பீய்ச்சும் வருண், குண்டு துளைக்காத வண்டி போன்றவை தனி இனம். மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிப் போகிற சாமான்கள் இல்லை அவை.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். “மச்சான் போலீஸ் கேன்டீன்ல கார் எடுத்தான், விலை குறைவு” என்று கேட்டிருப்பீர்கள். அது காவலர் குடும்பங்களுக்கு உள்ள சலுகை விலை. வண்டி சாதாரண வண்டி. அவர் எடுத்தது போலீஸ் ரகமும் இல்லை, அவர் பெயரைச் சொல்லி நாம் எடுக்கவும் முடியாது.

அப்படியானால் சாதாரணப் பொலேரோ எந்த இடத்தில் போலீஸ் வண்டியாகிறது? ஆலையை விட்டு வந்த பிறகு, பொருத்துகிற சாமான்களில். கூரையில் விளக்குப் பலகை ஏறும். பானெட்டுக்குள் சைரன் ஒலிபெருக்கி, டேஷ்போர்டில் மைக்கும் வயர்லெஸ் செட்டும், வெளியே ஏரியல். கண்ணாடிக்குக் கல்லெறி தாங்கும் கம்பி வலை. கதவில் ‘காவல்’ என்று ஒளி பட்டால் மின்னும் எழுத்து. நம்பர் பலகையில் டி.என். 72-க்குப் பிறகு ‘ஜி’ எழுத்து, அரசு வண்டி என்பதற்கு அடையாளம். நம் ஊர் அரசு பஸ்ஸில் அதே இடத்தில் ‘என்’ எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சட்டம் காவல் நிற்பது இந்தச் சாமான்களுக்குத்தான். பொலேரோவை யாரும் தடுக்கவில்லை, அதன் தலையில் இருக்கும் விளக்கைத்தான் தொடாதே என்கிறார்கள். 2017 மே 1 முதல் அமைச்சர் காரிலிருந்தே சிவப்பு விளக்கு இறங்கிவிட்டது. சிவப்பு, நீலம், வெள்ளை மின்னும் விளக்கு இப்போது போலீஸ், தீயணைப்பு, பேரிடர்ப் பணி போன்ற அவசர வேலைக்கு மட்டும். பல ஸ்வரம் ஒலிக்கும் சைரனும் நமக்கு இல்லை. வயர்லெஸ் செட் பற்றிப் பேசவே வேண்டாம், உரிமமில்லாமல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பழைய ராணுவ ஜீப் வாங்கியவர்கள் அதன் ஆலிவ் பச்சையை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். அதுவும் ஆகாது, மோட்டார் வாகன விதிப்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டும் உரியது.

“சரி, விளக்கு வேண்டாம், கம்பெனி போடாத வேறு சாமானை நானே போட்டுக்கொள்கிறேன்” என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆலை தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தில் அப்படிச் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். போலீஸ்காரர் போலப் பாவனை செய்து யாரையாவது மிரட்டினால் அது மோட்டார் சட்டத்தைத் தாண்டிப் போய்விடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 204, 205-ஆம் பிரிவுகள் அதற்கென்றே இருக்கின்றன. சொந்த வண்டியில் ‘போலீஸ்’ என்று ஒட்டும் வெறும் ஸ்டிக்கருக்கே சென்னையில் 2024 மே 2 முதல் அபராதம் போடத் தொடங்கினார்கள்.

இப்போது இரண்டாவது அண்ணாச்சியின் பேச்சு, ஏலம்.

கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை இருக்கிறதல்லவா? அங்கே பல வருஷம் அடிபட்ட அண்டாவை ஒரு நாள் ‘இனி வாடகைக்கு ஆகாது’ என்று ஒதுக்கி விற்பார்கள். காவல்துறையும் அப்படித்தான் செய்கிறது. பழுது பார்ப்பதற்கு ஆகும் செலவு வண்டியின் பெறுமானத்தைத் தாண்டும்போது மோட்டார் வாகனப் பிரிவு அதைக் கழிவு செய்கிறது. பிறகு விளக்கு, சைரன், வயர்லெஸ் எல்லாம் கழற்றப்படும். அடுத்ததாக நாளிதழில் அறிவிப்பு வரும். வண்டிகளைப் பார்வையிட ஒரு நாள், முன்பணம் கட்ட ஒரு நாள், ஏலத்துக்கு ஒரு நாள். நெல்லையில் பாளையங்கோட்டை ஆயுதப்படை மைதானம் இதற்குப் பழக்கப்பட்ட இடம். ஆதார் நகலும் முன்பணமும் இருந்தால் யாரும் போய்க் கை தூக்கலாம். ஏலம் எடுத்தால் மீதித் தொகையோடு ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டும். பலர் ஜி.எஸ்.டி.யை மறந்துவிட்டுக் கை தூக்குவதைத்தான் எந்த ஏலத்திலும் பார்க்கலாம்.

போவதற்கு முன் அறிவிப்பை இரண்டு தடவை படியுங்கள். காவல்துறை ஏலம் இரண்டு வகை. ஒன்று, துறையே ஓட்டிக் கழித்த வண்டிகள். மற்றொன்று, மதுவிலக்கு, மணல் கடத்தல் போன்ற வழக்குகளில் பறிமுதல் ஆனவையும் உரிமை கோராமல் கிடப்பவையும். தாமிரபரணிக் கரை ஸ்டேஷன்களில் மணல் கடத்தலில் பிடிபட்டு, ஆவாரஞ்செடி முளைத்த டிராக்டரையும் டிப்பரையும் பார்த்தவர்களுக்கு அந்த வகை புரியும். ரோந்துப் பொலேரோவை நினைத்துக்கொண்டு போய், வரிசையாக நிற்கும் பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

இந்த இடத்தில் 2023 ஒரு பெரிய கதவைச் சாத்தியது. அந்த ஆண்டு ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்து, ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி, அரசுப் போக்குவரத்துக் கழகம், பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றின் வண்டிக்கு 15 வயது முடிந்தால் பதிவு அத்தோடு முடிந்தது. புதுப்பிக்க முடியாது. பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். நாட்டுப் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் கவச வண்டி போன்ற சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. நம் சொந்தக் கார் 15 வயது தாண்டினால் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். அரசு வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. ஈயம் போன பித்தளைப் பாத்திரத்துக்கு மறுபடி ஈயம் பூசலாம், ஓட்டை விழுந்ததைப் பழைய பித்தளை எடைக்குத்தான் போட வேண்டும் என்பதுபோல. ஆகவே பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்து, டிங்கரிங் பார்த்து, குற்றால சீசனுக்குக் குடும்பத்தோடு ஓட்டிப் போகலாம் என்ற கனவு 15 வயதுக்கு மேற்பட்ட அரசு வண்டியில் பலிக்காது. உங்களுக்கு வேண்டியது 15-க்குள் கழிக்கப்பட்ட வண்டி. அதற்குள்ளேயே கழித்திருக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு உழைத்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

சரி, அப்படி ஒன்று கண்ணில் பட்டது என்று வையுங்கள். என்ன பார்ப்பது?

மீட்டரைக் கடைசியில் பாருங்கள். நின்றபடி ஓடிய மணிக்கணக்கை அது சொல்லாது என்று முன்பே பார்த்தோம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே கறுத்த களிம்பு படிந்திருக்கிறதா, ரேடியேட்டரில் செந்துரு இருக்கிறதா, கிளட்ச் மிதி எவ்வளவு மேலே பிடிக்கிறது, இவைதான் பேசும். டிரைவர் சீட்டும் பேசும். பத்துப் பன்னிரண்டு கை மாறி ஓட்டிய வண்டியில் சீட்டின் வலது ஓரம் தட்டையாகியிருக்கும், கியர் குமிழில் எழுத்து அழிந்திருக்கும். பிறகு மேலே பாருங்கள். விளக்குப் பலகையைக் கழற்றிய இடத்தில் கூரையில் போல்ட் ஓட்டைகள் இருக்கும். அதை அடைக்காமல் விட்டிருந்தால் இரண்டு ஐப்பசி மழையில் கூரைத் துணி ஊறி, தரைவரை துரு இறங்கியிருக்கும்.

டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். சைரனுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் இழுத்த வயர்களை எடுக்கும்போது பல இடங்களில் வெட்டி, டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். பழைய வண்டியில் புகை வருகிற காரணங்களில் இது முன்வரிசை. முழு வயரிங்கையும் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் காசை ஏலத் தொகையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு சோதனையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியே தண்ணீர் நின்றது. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் அன்றைக்கு முங்கிய வண்டிகளுக்குக் கணக்கில்லை. ஆகவே இந்தப் பக்கம் எந்தப் பழைய வண்டியானாலும், அரசு வண்டியோ தனியார் வண்டியோ, சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் கார்பெட்டைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே ஆற்று வண்டல் கோடு தெரிந்தால் விலை பேசாமல் நடையைக் கட்டலாம்.

கடைசியாகக் காகிதம். ஏலத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். சாதாரணமாகப் பழைய வண்டி வாங்கினால் படிவம் 29, 30. அரசு ஏலத்தில் வாங்கினால் படிவம் 32. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கூடவே ஆர்.சி., இன்சூரன்ஸ், ஏலம் உங்கள் பெயருக்கு உறுதியானது என்று ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட ஆணை, அந்த வண்டியை ஏலம் விட அரசு அனுமதித்த உத்தரவின் சான்றிட்ட நகல். இன்சூரன்ஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. அரசு வேலைக்கு ஓடும் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயத்திலிருந்து சட்டத்திலேயே விலக்கு உண்டு. எனவே பழைய பாலிசி என்று ஒன்று உங்கள் கைக்கு வராமல் போகலாம், புதிதாக எடுத்துத்தான் ரோட்டில் இறக்க வேண்டும். வாழ்நாள் வரி நிலவரத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வண்டி எண்ணை வாஹன் இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் பதிவுத் தேதி தெரியும். 15 வயதுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதை ஏலக்காரர் வாயிலிருந்து கேட்காதீர்கள், அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். பொலேரோ வேண்டும் என்பவர், அம்பையிலோ சேரன்மகாதேவியிலோ வாழைத்தார் ஏற்றிய விவசாயியிடம் பழையது வாங்கட்டும். ஒரே கை ஓட்டிய வண்டி, இரவில் உறங்கிய வண்டி, எதிரில் நின்று கேள்வி கேட்கலாம். கழித்த ரோந்து வண்டி, சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவருக்கும் உதிரிபாக வியாபாரிக்கும் லாபம். போலீஸ் வண்டி என்ற மிடுக்குக்காக எடுப்பவருக்கு அந்த மிடுக்கு மைதானத்திலேயே கழற்றி வைக்கப்பட்டிருக்கும், மிச்சம் தேய்ந்த இன்ஜினும் கூரையில் நாலு ஓட்டையும்தான்.

அதையும் மீறி எடுத்தே தீர்வேன் என்றால், ஏல உறுதி ஆணையில் இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று மைதானத்தில் வைத்தே சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். படிவம் 32-க்கான 30 நாள், வண்டி உங்கள் கைக்கு வந்த அன்றே எண்ணத் தொடங்கிவிடுகிறது.